தீபாவளிச் சந்தைக்குப் போகாதே என்று சொல்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்னு கலக்கி வெச்சிக்கிட்டு பொறுமையா படிங்க. படிச்ச பிறகு திட்டணும்னு தோணினா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

ஒரு வாரமா பல கோயில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. யார் எழுதினது என்று பெயர் இல்லை. தீபாவளிச் சந்தைக்கு இந்து பக்தர்கள் போகக் கூடாதாம். சொல்லப்பட்ட காரணங்கள் நாலு. ஒன்னு, இரவுச் சந்தை நம் பண்பாடே இல்லை, அது பாசார் மாலாம் கலாச்சாரம். ரெண்டு, அங்கே மாமிசக் கடை, சினிமாப் பாட்டு, குடிகாரக் கூட்டம், எல்லாம் கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே. மூனு, வெளிநாட்டுக்காரனும் வேற்று மதத்தவனும்தான் அங்கே சம்பாதிக்கிறான். நாலு, விலை கொள்ளை, கைபேசியில் வாங்கினா பாதி விலை. கடைசியில் ஒரு வரி: உண்மையான பக்தன் சந்தையில் திரிய மாட்டான்.

அந்தச் செய்தியை எங்களுக்கே பதினஞ்சு பேர் அனுப்பிட்டாங்க. கீழே கைகூப்பும் படம் வேற. நாங்க கிள்ளான் வட்டாரத்தில் கோயில் தொண்டு செய்கிறவர்கள். எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள், மீதிப் பேர் லாரி ஓட்டுகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டம்மாக்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று வண்டிகளுக்கு வழி விடுவதும், ராத்திரி குப்பை அள்ளுவதும் எங்க வேலை. சந்தையின் நல்லதும் கெட்டதும் எங்களுக்குத் தெரியும். அதனால் நாலு காரணத்துக்கும் பதில் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு.

முதல் காரணம். சந்தை நம் பண்பாடு இல்லையாம்.

ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்கள் கொஞ்சம் யோசிங்க. நாளங்காடி, அல்லங்காடி என்று ரெண்டு சொல் படிச்சோமா இல்லையா? நாளங்காடி பகல் சந்தை, அல்லங்காடி இரவுச் சந்தை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் ரெண்டுமே வருது. பாசார் மாலாம் என்று மலாய்க்காரர்கள் சொல்வதற்கு நம்மிடம் சங்க காலத்திலேயே ஒரு சொல் இருந்திருக்கு. பிறகு எப்படி ஐயா அது நம்முடையது இல்லாமல் போகும்?

கோயிலும் கடைத்தெருவும் ஒன்னை விட்டு ஒன்னு இருந்ததே இல்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் புது மண்டபத்தில் எத்தனையோ காலம் துணிக்கடையும் வளையல் கடையும் தையல்காரர்களும் இருந்தாங்க. நம் நாட்டுக்கே வருவோம். பினாங்கு குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அது நிற்பது லிட்டில் இந்தியா கடைகளுக்கு நடுவில். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் தேவஸ்தானம் 1873-இல் தம்புசாமிப் பிள்ளை கட்டியது. அதன் வாசலில் பூக்கடை, நாலு எட்டு வெச்சா பெட்டாலிங் ஸ்திரீட் சந்தை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது அந்த வாசலில் இருந்துதான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் அப்படித்தான், கடைத்தெருவில் கால் வைக்காமல் அம்மனைப் பார்க்க முடியாது. நம் முன்னோர் கோயிலைக் காட்டுக்குள் ஒளிச்சு வைக்கலை. ஜனங்கள் பிழைக்கிற இடத்தில் வெச்சாங்க.

எங்களில் தோட்டத்தில் பிறந்தவர்கள் இருக்காங்க. சம்பள நாள் சாயங்காலம் ஞாபகம் இருக்கா? துணிக்காரர் மூட்டையை அவிழ்ப்பார், வளையல்காரர் பெட்டியைத் திறப்பார், கச்சான் விற்கிறவர் தாளைச் சுருட்டிப் பொட்டலம் போடுவார். லயத்து ஜனங்கள் பூரா அங்கே நிற்பாங்க. தோட்டம் துண்டானது, செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, நாம தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடி வந்தோம். லயத்தோடு அந்தச் சம்பள நாள் கடையும் போச்சு. அதுக்குப் பிறகு நம் ஜனங்கள் ஒரே இடத்தில் கூடி நின்று பண்டிகைக்கு வாங்குகிற இடம் என்று என்ன மிச்சம்? இந்தத் தீபாவளிச் சந்தைதான்.

இன்னொரு விஷயம். இந்த நாட்டில் நாம நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர். வருஷம் முழுக்கப் பேரங்காடியில் நமக்குக் கிடைப்பது ஒரு அலமாரி: மிளகாய்த் தூள், ஊதுபத்தி, பருப்பு, முடிஞ்சது. வருஷத்தில் ஒரு மாசம் மட்டும் ஒரு முழுத் தெருவே தமிழில் பேசுது. எழுத்து தமிழ், சத்தம் தமிழ், வாசனை தமிழ். அந்த ஒரு மாசத்தையும் வேணாம் என்று சொல்ல எப்படி மனசு வருது?

போகாதவர்களுக்காக ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போறோம், வாங்க.

கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரம்தான் தெங்கு கிளானா சாலை. ஏழு மணிக்கு மேல போங்க, வெயில் தணிஞ்சிருக்கும். காடி எடுத்துப் போகாதீங்க, நிறுத்த இடம் தேடியே ராத்திரி முடிஞ்சிடும். முதலில் மூக்குக்குத்தான் தெரியும். மல்லிகை ஒரு பக்கம், சாம்பிராணி ஒரு பக்கம், நடுவில் எண்ணெய்ச் சட்டி. ஐந்தடியில் பூக்கட்டுகிற அக்கா நம்மை நிமிர்ந்து பார்க்க மாட்டார், விரல் மட்டும் ஓடும். கேமரன் மலை செவ்வந்தி மூட்டை மூட்டையாக இறங்கியிருக்கும். அச்சு முறுக்குக்காரர் அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் ஒரு உதறு உதறுவார், பூ மாதிரி கழண்டு விழும். மலாய்க்காரர்கள் அதைக் குவே லோயாங், குவே ரோஸ் என்பாங்க. ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்று ஒரு கம்பமே இருக்கு, கச்சான், முறுக்கு, ஓமப்பொடி செய்து பெயர் வாங்கிய தமிழ்க் குடும்பங்களின் கம்பம். கோலா சிலாங்கூர் பக்கம் மண்பானை வனைகிற நம் குடும்பங்கள் இருக்காங்க. அகல் விளக்கை விரலால் தட்டிப் பாருங்க, நல்லா வெந்த மண்ணுக்குத் தனி ஓசை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா மருதாணி போடுகிற பெண்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சீனப் பெண்ணும் இருப்பாள், மலாய்ப் பெண்ணும் இருப்பாள். பஞ்சாபி சூட் கடையில் மலாய் அம்மா தன் மகளுக்கு நிறம் பார்த்துக்கொண்டு இருப்பார். சீன ஆண்ட்டி முறுக்கு டப்பாவைக் காட்டி "பெடாஸ் தாக்?" என்று கேட்பார். கடைக்காரம்மா "சிக்கிட் சாஜா" என்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் பாடம் நடத்தினாலும் வராத ஒற்றுமை அந்த ஒரு டப்பாவில் வந்துடும். திறந்த இல்லத்துக்கு அழைத்துத்தான் நம் பண்டிகையை மத்தவர்களுக்குக் காட்ட முடியும் என்று இல்லை. அந்தத் தெருவே ஒரு திறந்த இல்லம்.

மொழி போன பிறகும் பண்பாடு எப்படி நிக்குது என்று பார்க்கணுமா? மலாக்கா செட்டிகளைப் பாருங்க. வீட்டில் பேசுவது மலாய். ஆனா சாமி நம்ம சாமி. காஜா பேராங்கில் மாரியம்மன் திருவிழா எடுக்கிறாங்க. 1781-இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் அவர்கள் முன்னோர் கட்டியது. மந்திரம் மட்டும் அவர்களைக் காப்பாத்தலை. சமையல், உடை, படையல், பந்தல், கூட்டம், இதெல்லாம் சேர்ந்துதான் காப்பாத்துச்சு. அதில் ஒன்னை மட்டும் பிடிச்சிக்கிட்டு மத்ததெல்லாம் அசுத்தம் என்று தள்ளினா, கடைசியில் கையில் எதுவும் தங்காது.

ரெண்டாவது காரணம். மாமிசம், சினிமாப் பாட்டு, குடி.

இதில் உண்மை இருக்கு. மறைக்க மாட்டோம். சாயரட்சை பூஜை நேரத்தில் குத்துப் பாட்டு ஒலிபெருக்கியில் அலறுது. தீபாவளிக்கு முந்தின ரெண்டு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் குடிச்சிட்டு வந்து சில பையன்கள் வம்பு பண்றாங்க. கேட்டால் மட்டும் போதாது, நிறுத்தணும்.

ஆனா எப்படி நிறுத்துவது? குடும்பங்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் அந்தத் தெரு யார் கைக்குப் போகும்? அம்மா, அப்பா, பாட்டி, பிள்ளைகள் என்று நடமாட்டம் இருக்கிற வரைக்கும் போக்கிரிக்கு வாலாட்டப் பயம். நல்லவர்கள் விலகுகிற ஒவ்வொரு அடியையும் அவன் பிடிச்சிக்குவான். பாட்டுச் சத்தத்துக்கும் இதேதான். எங்க தொண்டர்கள் ரெண்டு பேர் கடைக்காரத் தம்பியிடம் போய், "தம்பி, ஏழரை வரைக்கும் பூஜை, கொஞ்சம் குறைச்சிக்கப்பா" என்று சொன்னபோது பெரும்பாலும் குறைச்சிட்டாங்க. சில தம்பிகள் பக்திப் பாட்டே போட்டாங்க. குறைக்காத ஒன்னு ரெண்டு பேரும் உண்டு, அவர்களிடம் மறுபடி போனோம். வாட்ஸ்அப்பில் சாபம் விட்டவர்களில் ஒருத்தராவது நேரில் வந்து கேட்டது உண்டா?

மாமிசத்தைப் பற்றி ரொம்பப் பேசாதீங்க ஐயா. தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை ஆட்டுக்கறிக் கடையில் வரிசை எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியாதா? அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் வேற்றுக் கிரகத்துக்காரர்களா? சைவமாக இருப்பவர்களை நாங்க மதிக்கிறோம், எங்களிலும் இருக்காங்க. கோயில் மதிலை ஒட்டி பிரியாணிச் சட்டி வைக்கக் கூடாது என்று கேட்பது நியாயம். கடை ஒதுக்கும்போதே மதிலுக்குப் பக்கத்தில் பூ, விளக்கு, பூஜைச் சாமான், பலகாரம் என்று போடச் சொல்லி நிர்வாகம் ஊராட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுதலாம். தீபாவளி நெருங்கின பிறகு எழுதாமல், ரெண்டு மூனு மாசம் முன்னாடியே எழுதணும். அது வேலை. சந்தையே வேணாம் என்று செய்தி அனுப்புவது வேலை இல்லை.

மூனாவது காரணம். வெளிநாட்டுக்காரன், வேற்று மதத்தவன்.

இங்கே ரெண்டு விஷயத்தைக் குழப்பிட்டாங்க. பிரிச்சுப் பேசுவோம்.

வேற்று மதத்தவரிடம் வாங்கக் கூடாது என்பது பச்சை அபத்தம். நம் தாத்தா கட்டின வேட்டியை விற்றது தமிழ் முஸ்லிம் கடைக்காரர். பித்தளைக் குத்துவிளக்கு, ஏலம், முந்திரி, நெய், இதெல்லாம் எத்தனை தலைமுறையாக நாம அவர்கள் கடையில் வாங்கினோம்? கோயிலுக்கு வாங்கும் சாமான் என்று சொன்னா விலை குறைத்துக் கொடுத்த பாய் எத்தனை பேரை எங்களுக்கே தெரியும். இந்தச் சந்தையில் சீனர் கடையும் உண்டு, மலாய்க்காரர் கடையும் உண்டு. அவர்களும் நம்மிடம் வாங்குறாங்க, நாமும் அவர்களிடம் வாங்குறோம். புதன்கிழமை தாமான் கொன்னோட் இரவுச் சந்தைக்கு நாம போறோமே, ரெண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு நடந்து தின்னு தீர்க்கிறோமே, அங்கே யாராவது உன் மதம் என்ன என்று கேட்டு விற்றாங்களா?

அடுத்தது உண்மையான பிரச்சினை. உள்ளூர் சிறு வணிகர் பெயரில் கடை லாட் எடுக்கப்படுது, ஆனா கடையில் நிற்பது வேறு ஆள். இதில் கோபம் நியாயம். ஆனா கோபம் யார் மேல வரணும்? அங்கே பத்து மணி நேரம் நின்று துணி மடிக்கிற வெளிநாட்டுப் பையன் மேலயா? அவன் கூலிக்கு நிற்கிறான். லாட்டைத் தன் பெயரில் எடுத்து, ரெண்டு மடங்கு மூனு மடங்கு விலைக்குக் கைமாத்தி விட்டவர் யார்? பெரும்பாலும் நம்ம ஆளுதான். நெற்றியில் திருநீறு இருக்கும், கையில் மோதிரம் இருக்கும், கோயில் விழாவில் மாலையும் விழும். பிறகு அவரே மேடை ஏறி, "நம் சந்தையை அந்நியன் பிடித்துவிட்டான்" என்று முழங்குவார். நாமும் கை தட்டுவோம்.

கைமாத்தினதில் வந்த அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்து வருது? ஆகாயத்தில் இருந்து இல்லை. உங்க முறுக்கு டப்பா விலையில் இருந்து, உங்க பிள்ளையின் ஜிப்பா விலையில் இருந்து. கடை எண், தேதி, லைசென்ஸில் உள்ள பெயர், நிற்கும் ஆள், இதைக் குறித்து எழுத்தில் புகார் கொடுங்க. கடை ஒதுக்கும் கூட்டத்தில் போய்க் கேளுங்க. அதற்குத் துணிவு வேணும். பெயர் போடாமல் செய்தி அனுப்ப விரல் மட்டும் போதும்.

நாலாவது காரணம். விலை.

எங்களுக்குத் தொழிற்சாலைப் பழக்கம், எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக ஒரு கணக்கு, எந்தக் கடையையும் குறிப்பிட்டுச் சொல்லலை. ஒரு அம்மா பலகாரக் கடை போடுறாங்க என்று வையுங்க. முப்பது நாளைக்கு லாட் செலவு 3,000 வெள்ளி. கூடமாட ஒரு ஆளுக்கு நாளுக்கு 70 வெள்ளி, ஆக 2,100. கூடாரம், விளக்கு, மின்சாரம் 600. மொத்தம் 5,700. நாளுக்கு 190 வெள்ளி. மாவு, எண்ணெய், கேஸ், டப்பா எல்லாம் போக ஒரு டப்பா முறுக்கு 15 வெள்ளிக்கு விற்றால் அவருக்கு 5 வெள்ளி மிஞ்சுது என்றால், நாளுக்கு 38 டப்பா விற்றால்தான் போட்ட காசு திரும்பும். முப்பத்து ஒன்பதாவது டப்பாவில்தான் அவர் வீட்டுக்கு முதல் காசு.

இப்போ நாம போய் நிற்கிறோம். "என்னக்கா, 12-க்குக் குடுங்க" என்கிறோம். மூனு வெள்ளிதானே என்று நினைக்கிறோம். அவருக்கு மிஞ்சுகிற 5 வெள்ளி 2 வெள்ளியாகப் போச்சு. எல்லாரும் அப்படிக் கேட்டால் அவர் 38 டப்பா விற்ற இடத்தில் 95 டப்பா விற்கணும், போட்ட காசை மட்டும் எடுக்க. ஐப்பசி மாசம் சாயங்கால மழை வேற. முப்பது நாளில் எட்டு நாள் மழையில் போனால், விலை குறைக்காமல் விற்றாலும் மீதி நாளில் தினம் 52 டப்பா. அவர் ராத்திரி முழுக்க நின்று பொறித்த கூலியை இந்தக் கணக்கில் நாங்க சேர்க்கவே இல்லை.

பேரங்காடியில் ஒட்டியிருக்கிற விலையை வாய் பேசாமல் கொடுக்கிறோம். குளுகுளு கடையில் ஒரு கோப்பைக் காப்பிக்கு 15 வெள்ளி கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறோம். நம்ம அம்மா வயசுக்காரரிடம் மூனு வெள்ளிக்கு வாதாடுகிறோம். அவரிடம் வாங்கின முறுக்கைத் தட்டில் வெச்சு சாமிக்குப் படைக்கிறோம். படைக்கும்போது ஒரு நிமிஷம் இதை யோசிங்க.

கைபேசியில் வாங்குவதைக் குற்றம் என்று சொல்லலை. எல்லாரும் வாங்குறோம், கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் முக்கியம். ஆனா ஒன்னு. கோயில் திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகம் எடுத்துக்கொண்டு நாங்க போகும்போது பத்து, இருபது, ஐம்பது என்று எழுதித் தருவது யார்? பூக்கடைக்காரர், பலகாரக்காரம்மா, துணிக்கடைக்காரர். தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் அனுப்புவது யார்? அவர்கள்தான். கைபேசிக் கடைக்காரர் யாராவது நம் கோயில் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினதை நாங்க பார்த்ததில்லை. சந்தை செத்தால் கோயில் உண்டியலும் இளைக்கும். இது பக்திக் கணக்கும்தான்.

அந்தச் செய்தி எழுதினவருக்குக் கடைசியாக ஒன்னு. உண்மையான பக்தன் சந்தையில் திரிய மாட்டான் என்றீங்க. அறுபத்து மூவரில் அமர்நீதியார் யார்? வணிகர். காரைக்கால் அம்மையார் பிறந்தது எந்தக் குலம்? வணிகர் குலம். கடையில் உட்கார்ந்தவர்களைத்தான் சிவன் நாயன்மார் ஆக்கினான். உங்களுக்கு மட்டும் அது தீட்டாப் போச்சா?

சரி, பேசினது போதும். எங்க கோரிக்கை இதுதான்.

குடும்பத்தோடு ஒரு தடவையாவது போங்க. கூட்டம் குறைவான வார நாளில் போங்க, கடைசி ரெண்டு நாளுக்குக் காத்திருக்காதீங்க. மழை பெய்த நாளுக்கு மறுநாள் கட்டாயம் போங்க, அன்றைக்குத்தான் அவர்களுக்கு வியாபாரம் தேவை.

கைத்தொழில் செய்கிறவரிடம் பேரம் வேணாம். பூ கட்டுகிறவர், பலகாரம் சுடுகிறவர், மருதாணி போடுகிறவர், மண் விளக்கு விற்கிறவர், இவர்கள் சொன்ன விலையைக் கொடுங்க. அதிகம் என்று பட்டால் சிரிச்சிட்டு அடுத்த கடைக்குப் போங்க.

பிள்ளைகளைக் கையில் பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பெயர் சொல்லிக் கொடுங்க. இது அதிரசம், இது நெய் உருண்டை, இது அகல், இது திரி. வாங்கும்போது தமிழில் கேட்கச் சொல்லுங்க. அன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பிள்ளைக்குத் தமிழ் காசு கொடுத்து வாங்குகிற மொழியாக இருக்கட்டும்.

சீன நண்பர், மலாய் நண்பர், வேலையிடத்து நேப்பாளித் தம்பி, யாரையாவது ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.

துணிப்பை எடுத்துப் போங்க. சாமி படம் போட்ட பையையும் காகிதத்தையும் தரையில் போடாதீங்க. மறுநாள் காலையில் சாக்கடையில் இருந்து லட்சுமியையும் பிள்ளையாரையும் பொறுக்குவது நாங்கதான். அதைப் பார்த்தால் உங்களுக்கும் வயிறு எரியும்.

அந்தச் செய்தி மறுபடி உங்க கைபேசிக்கு வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீங்க. இந்தப் பதிவை அனுப்புங்க. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்க, மரியாதையாக பதில் சொல்வோம். பெயர் போட்டு எழுதுங்க.

மாலை ஏழு மணிக்கு மேல் தொண்டர் சட்டை போட்டு, குப்பைப் பையோடு சாலை முனையில் நிற்போம். பையைத் தூக்க இன்னும் நாலு பேர் தேவை. வர விருப்பம் உள்ளவர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுங்க.

எல்லாருக்கும் முன்கூட்டியே தீபாவளி வாழ்த்து. முருகன் துணை.